புழு வைத்த கிளை: தட்டேக்காட்டில் ஐந்து நாள்கள்

முதல் நாள்

காலை ரயிலில் கோயம்புத்தூரை விட்டு ஆலுவாயில் இறங்கி, பெரும்பாவூர் வழியாகக் கோதமங்கலம் போகும் பேருந்தைப் பிடித்து, அங்கே இன்னொரு பேருந்து மாறிப் பெரியாற்றுப் பாலத்தைக் கடந்தபோது பிற்பகல் மூன்று மணியாகிவிட்டது. ஜனவரி மாதத்து வறண்ட வெயில். சாலையின் இரு புறமும் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துக்கொண்டிருந்தன. பேருந்து நிற்கும்போதெல்லாம் சருகு புரளும் ஓசை சன்னல் வழியே கேட்டது.

கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயம் 1983-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. ஏறக்குறைய 25 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய காடு. 1930-களில் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு நடத்திய பறவையியலாளர் சாலிம் அலி இவ்விடத்தின் வளத்தைக் கண்டு வியந்தார் என்பதால் அவர் பெயரையே சரணாலயத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பறவையைச் சுட்டு, தோலுரித்து, பஞ்சடைத்து வைத்து ஆராய்வதே அறிவியலின் வழக்கமாக இருந்தது. இன்று துப்பாக்கி இருந்த இடத்தில் லென்ஸ் இருக்கிறது. எந்தப் பறவையும் சாவதில்லை என்பதால் நாம் செய்வது எதிலும் தீங்கில்லை என்ற நம்பிக்கையும் அதோடு சேர்ந்தே வந்துவிட்டது. அந்த நம்பிக்கை எனக்கும் வெகு நாள் இருந்தது.

இந்தப் பயணத்துக்கான காரணத்தை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, வேறொரு மாநிலத்தில், காட்டோர மறைவிடம் ஒன்றில் உட்கார்ந்து ஆறுமணிக் குருவி ஒன்றைப் படமெடுத்தேன். அது வந்து நிற்க வேண்டிய இடத்தில் உயிருள்ள புழுவை என் கையாலேயே வைத்தேன். படம் எங்கள் ஊர்ப் புகைப்பட மன்றப் போட்டியில் முதல் பரிசு பெற்றது. அதன் கீழே 'அதிகாலையில் இரை தேடும் ஆறுமணிக் குருவி' என்று நான் எழுதிக் கொடுத்த வரி இன்றும் மன்றத்தின் சுவரில் இருக்கிறது. அந்த வரியில் பொய்யான சொல் எதுவும் இல்லை. ஆனால் முழு வரியும் பொய்தான். இரை வைத்துப் படமெடுக்கும் அந்தப் பழக்கத்தைச் சோதித்துப் பார்க்கவே இந்தப் பயணம்.

தங்கியிருக்கும் வீட்டின் முன்னறையில் விருந்தினர்கள் எடுத்த படங்களைச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்கள். தீக்காக்கை, சோலைப்பாடி, மரகதப் புறா, செந்தலைப் பூங்குருவி என்று முப்பதுக்கு மேல் இருக்கும். தேநீர் ஆறும்வரை அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பறவைகள் வேறு, ஆண்டுகள் வேறு, எடுத்தவர்கள் வேறு. கிளைகள் மட்டும் மூன்றே மூன்று. வலப்பக்கம் ஒரு கணுவும் அதன் மேல் பாசியும் உள்ள கிளை பதினொரு படங்களில் வந்திருக்கிறது.

இரண்டாம் நாள்

பறவையின் கண்ணில் படாமல் உட்கார்ந்து படமெடுக்கும் இடத்தைப் புகைப்படக்காரர்கள் 'ஹைடு' என்றே சொல்கிறார்கள். நான் மறைவிடம் என்று எழுதுகிறேன். மூங்கில் கழிகள் நட்டு, நாற்றங்காலுக்குப் போடும் பச்சை நிழல்வலையைச் சுற்றிலும் கட்டி, இடுப்பு உயரத்தில் லென்ஸ் நுழையும் அளவுக்குத் துளைகள் விட்டிருந்தார்கள். உள்ளே ஐந்து பிளாஸ்டிக் முக்காலிகள். எதிரே ஏழெட்டு அடி தொலைவில், தாம்பாளம் போன்ற ஆழமற்ற சிமெண்டுத் தொட்டி. அதன் விளிம்பு தெரியாதபடி கற்களும் பாசியும் அடுக்கப்பட்டிருந்தன. மறைவிடத்துக்குப் பின்னால் ரப்பர்த் தோட்டம், தொட்டிக்குப் பின்னால் காடு.

விடிவதற்கு முன்பே வீட்டுக்காரர் ஒரு குடம் தண்ணீரும் ஒரு டப்பாவும் கொண்டுவந்தார். பழைய நீரைக் கொட்டி, தென்னை நாரால் தொட்டியைத் தேய்த்துப் புது நீர் ஊற்றினார். அதன் பிறகு டப்பாவைத் திறந்தார். கோதுமைத் தவிட்டுக்குள் மஞ்சள் பழுப்பு நிறத்தில், ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான புழுக்கள் நெளிந்தன. கூண்டுப் பறவைகளுக்கும் தொட்டி மீன்களுக்கும் தீனியாகக் கடைகளில் விற்கும் 'மீல்வார்ம்' இவைதாம். உண்மையில் ஒரு வண்டினத்தின் இளம்பருவம். தொட்டியை ஒட்டிக் கிடந்த கட்டையில், எங்கள் கண்ணுக்குத் தெரியாத மறுபக்கத்தில், ஆணியால் துளைத்த ஆறேழு குழிகள் இருந்தன. ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு புழுவைத் தலைகீழாகச் செருகிக் கட்டைவிரலால் அழுத்தினார். வெளியே தெரிந்த வால் நுனி மட்டும் துடித்தது. பறவை கட்டையின் மேல் ஏறி நின்று, குழியை எட்டிப் பார்த்து, தலையைச் சாய்க்கும். அந்தச் சாய்வில்தான் கண்ணில் ஒளி விழும். இவ்வளவையும் அவர் எனக்கு ஒரு கைத்தொழிலின் நுட்பத்தை விளக்குவதுபோல விளக்கினார். அது கைத்தொழில்தான்.

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சருகு புரளும் ஓசை கேட்டது. ஆறுமணிக் குருவி நடந்து வருவது கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டே வரும். வட, மத்திய இந்தியக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தைக் கழிக்க இங்கேயும் இலங்கையிலும் வந்து தங்கும் பறவை அது. பச்சை முதுகும், கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியது போன்ற பட்டையும், குட்டை வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்புமாக வந்து நின்றது. காட்டிலிருந்து தொட்டி வரையில் இலைகளைப் புரட்டி வந்த பறவை, கட்டைக்கு இரண்டடி இருக்கையில் அந்த வேலையை அப்படியே விட்டுவிட்டுத் தத்தித் தத்தி நேராகக் குழிகளுக்கு வந்தது. என் பக்கத்து முக்காலிகளில் கேமராக்கள் பொரிந்தன. நானும் விரலை எடுக்கவில்லை. சோதிக்க வந்தவன் என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவில் இல்லை.

ஏழு குழியும் ஒன்பது நிமிடத்தில் காலியாகிவிட்டன. பறவை ஒரு முறை தண்ணீரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்களுக்கு ஆத்திரப்படாமல் பதில் சொல்ல முயல்கிறேன். இந்தப் புழுவில் கொழுப்பும் பாஸ்பரஸும் மிகுதி, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. ஒரு நாள் ஏழு புழு தின்றதால் பறவைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் சீசன் முழுவதும் காலையும் மாலையும் ஒரே பறவை இதையே தின்றால், அதே பறவை அதே தொட்டியை விட்டு நகராமல் இருந்தால், கணக்கு வேறு. அடுத்தது நோய். பல பறவைகள் இயல்பாக இவ்வளவு நெருக்கமாக ஒரே இடத்தில் கூடி உண்பதில்லை. பிரிட்டனில் தோட்டத்துத் தீனித் தட்டுகளில் பரவிய டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி நோய் 2005-ஐ ஒட்டிப் பச்சைச் சிட்டுகளைத் தாக்கத் தொடங்கியது; 43 லட்சமாக இருந்த அந்தப் பறவைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் 28 லட்சமாகச் சரிந்தது; 2021-இல் அந்த நாட்டின் சிவப்புப் பட்டியலிலும் அது சேர்ந்துவிட்டது. அங்கே தீனி வைத்தவர்கள் எல்லாரும் பறவைகளின் மேல் அன்பு கொண்டவர்கள்தாம். எனவே அன்பு இருக்கிறதா என்பதைவிட, தட்டை யார் எப்போது கழுவினார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

பகல் பதினொரு மணிக்கு இன்னொன்றும் பார்த்தேன். இரண்டு பழுப்புச் சிலம்பன்கள் தொட்டியில் சிறகை நனைத்துக்கொண்டிருந்தபோது, ரப்பர் மரங்களுக்கிடையிலிருந்து வல்லூறு ஒன்று தாழப் பறந்து வந்து, ஒன்றைத் தூக்கிக்கொண்டு அதே வேகத்தில் மறைந்தது. தொட்டியின் மேல் சில இறகுகள் மிதந்தன. வல்லூறு வேட்டையாடுவது இயற்கை. ஆனால் இரை எந்நேரத்தில் எங்கே, சிறகு நனைந்து எழ முடியாமல் இருக்கும் என்பதை அதற்கு நாம் சொல்லிக் கொடுத்துவிட்டோம். பக்கத்தில் இருந்த திருப்பூர் இளைஞர் ஒருவர், "அண்ணா, அது கிளிக் ஆயிடுச்சுங்களா?" என்று கேட்டார். எனக்கும் ஆகவில்லை.

மாலையில் வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் ரப்பர் விவசாயி. 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டியிருந்த விலை, 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே போனபோது பால் வெட்டும் கூலிகூடக் கட்டுப்படியாகவில்லை என்றார். காட்டோரமாக இருந்த அரை ஏக்கரை வெட்டாமல் புதராகவே விட்டதும், தொட்டி கட்டியதும் அதற்குப் பின்னர்தான். அந்த அரை ஏக்கரில் மறுபடி ரப்பர் வைத்திருந்தால் இன்று நான் பார்த்த பறவைகளில் பாதி அங்கே வந்திராது. இதை நான் மறைக்கக் கூடாது.

"புழுவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் மட்டும் வைக்கலாமே, சேட்டா?" என்று கேட்டேன்.

"வைக்கலாம் சாரே. பறவை வரும், ஆனா எட்டு மணிக்கு வருமா பத்து மணிக்கு வருமான்னு சொல்ல முடியாது. வர்ற ஆளுங்க எட்டரைக்குக் காலைப் பலகாரம் கேக்கறாங்க" என்றார்.

அவர் குறைபட்டுக்கொண்டது பறவைகளை அல்ல, எங்களை.

படுக்கும் முன் ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. காக்கைக்கு ஒரு கைப்பிடி சோறு வைக்காமல் சாப்பிட உட்காராத வீட்டில் வளர்ந்தவன் நான். பறவைக்கு உணவு வைப்பது தவறு என்று சொன்னால் என் அம்மா சிரிப்பார். ஆனால் அம்மா சோற்றை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். காக்கை எந்தப் பக்கம் திரும்பி நின்று தின்றது என்பது அவருக்குத் தேவையில்லை. இன்னொரு பழைய சொல்லும் நம்மிடம் இருக்கிறது. காட்டு விலங்கைத் தன்பால் இழுப்பதற்காக வேடர்கள் பழக்கிக் கட்டி வைத்திருந்த விலங்குக்குச் சங்கப் பாடல்களில் 'பார்வை' என்று பெயர். பார்க்கும் செயலுக்கும் சிக்கவைக்கும் பொருளுக்கும் ஒரே சொல் இருந்திருக்கிறது. இன்று காலை என் கண்முன் செருகப்பட்ட புழு, அம்மா வைத்த சோறா, வேடன் கட்டிய பார்வையா?

மூன்றாம் நாள்

இன்று சரணாலயத்துக்குள் வழிகாட்டி ஒருவருடன் நடந்தேன். மறைவிடமும் இல்லை, இரையும் இல்லை. மூன்று மணி நேரத்தில் நல்ல படம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் கிடைக்கவில்லை. தீக்காக்கை முதுகைக் காட்டியபடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தது. வழிகாட்டி கடைசியாக ஓர் ஈற்றை மூங்கில் புதரின் அருகே நிறுத்தி, விரலால் காட்டாமல் கண்ணால் காட்டினார். வெகுநேரம் காய்ந்த இலைகளையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு அவற்றில் இரண்டு இலைகளுக்கு மீசை இருப்பது தெரிந்தது. தவளைவாயன் இணை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மட்டுமே உள்ள பறவை. இரவில் இரை தேடிவிட்டுப் பகல் முழுவதும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும். அசையாமல் இருப்பது ஒன்றே அதன் பாதுகாப்பு. தெளிவான படத்துக்காக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுள்ளிகளை ஒடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றும், அப்படி ஒடித்த இடத்துக்குச் சில நாள்களில் பறவை வராமல் போய்விடும் என்றும் வழிகாட்டி சொன்னார். கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அழைப்பதையும் அவர் செய்வதில்லை. அழைப்பைக் கேட்டு வரும் பறவை விருந்தாளியைப் பார்க்க வரவில்லை, தன் எல்லைக்குள் நுழைந்தவனோடு சண்டை போட வருகிறது என்றார். எல்லா வழிகாட்டிகளும் இப்படி இருந்துவிட்டால் சட்டத்துக்கு வேலையே இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஊரிலேயே படித்துக் குறித்து வந்திருந்தேன். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2(16)-ஆம் பிரிவில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு விளக்கம் தருகிறது. கொல்வது, நஞ்சிடுவது, பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விரட்டுவது ஆகியவற்றோடு இரை வைத்து ஈர்ப்பதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. அதற்கான முயற்சிகளும் வருகின்றன. பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதும் அதே விளக்கத்தின் இன்னொரு பகுதி. இந்தச் சொற்களை எழுதியவர்களின் மனதில் இருந்தது துப்பாக்கியும் கண்ணியும் என்பது தெளிவு. கேமராவோடு முக்காலியில் உட்கார்ந்திருக்கும் வங்கி அதிகாரியையோ என்னையோ அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் சொல் அங்கே இருக்கிறது. 'பிடிப்பதற்காக' இரை வைத்தால் என்று அது தன்னைக் குறுக்கிக்கொள்ளவில்லை.

பலரும் சொல்லும் சமாதானம், "இது சரணாலயத்துக்கு வெளியே, பட்டா நிலம்" என்பது. முதலாவதாக, தட்டேக்காட்டில் எல்லை என்பதே சிக்கலானது. சரணாலய எல்லைக்குள் பல காலமாக மக்கள் குடியிருக்கிறார்கள், தங்கள் நிலங்களை விலக்க வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டும் வந்திருக்கிறார்கள். இரண்டாவதாக, சரணாலயத்துக்குள் நுழைவதற்கும் படமெடுப்பதற்கும் அனுமதி தரும் 28-ஆம் பிரிவுதான் எல்லைக்குக் கட்டுப்பட்டது. 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வாழிடத்தில் மாற்றம் செய்யாமலும் அதற்கோ உயிரினங்களுக்கோ தீங்கு நேராமலும்தான் அங்கே படமெடுக்கலாம் என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. வேட்டையைத் தடுக்கும் 9-ஆம் பிரிவுக்கு அத்தகைய எல்லை கிடையாது. சட்டத்தின் அட்டவணையில் உள்ள பறவை என் வீட்டு முருங்கை மரத்தில் உட்கார்ந்தாலும் அது பொருந்தும். ஆக, பட்டா நிலம் என்பது விடையாகாது.

இதற்காக அந்த ரப்பர் விவசாயியை வேட்டைக்காரர் என்று கூண்டில் ஏற்ற வேண்டும் என்று நான் நினைக்கிறேனா என்றால், இல்லை. ஏழு புழுவுக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டம் எவர் மீதும் பாயாது. எவர் மீதும் பாயாத சட்டம் எல்லாருக்கும் அனுமதி கொடுத்ததுபோல் ஆகிவிடும். இப்போது நடப்பது அதுதான். கோடையில் வனத்துறையே காட்டுக்குள் தொட்டி கட்டி லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறது; அதையும் மீல்வார்மையும் ஒரே சொல்லால் அளக்க முடியாது. தேவைப்படுவது மறைவிடங்களுக்கென்றே எழுதப்பட்ட, நிறைவேற்றத்தக்க சிறிய விதிகள். தண்ணீர் வைக்கலாம், தினமும் மாற்ற வேண்டும். உயிருள்ள இரை எதுவும் கூடாது. ஆந்தைகளையும் கழுகினங்களையும் எந்த இரையாலும் அழைக்கக் கூடாது. கூட்டுக்கு அருகே மறைவிடம் கூடாது. பிரிட்டனின் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரிய பறவைகள் என்று பட்டியலிட்டவற்றைக் கூட்டருகே தொந்தரவு செய்வது குற்றம். அந்தக் கூடுகளருகே படமெடுக்க உரிமம் வேண்டும். இங்கே மறைவிடம் அமைப்பவருக்கு எந்தப் பதிவும் இல்லை, ஆகவே எவரும் வந்து பார்ப்பதும் இல்லை.

நான்காம் நாள்

திருப்பூர் இளைஞர் நேற்றிரவு, "ஒரு எடம் இருக்குதுங்ணா, மீன்கொத்தி தண்ணிக்குள்ள பாயறத எடுக்கலாம்" என்றார். எங்கே என்பதை நான் எழுதப் போவதில்லை. தட்டேக்காட்டிலிருந்து ஆட்டோவில் போகும் தொலைவு என்பது போதும்.

ஓடையோரத்தில் நீருக்குள் பாதி அமிழ்ந்த நிலையில் ஒரு பிளாஸ்டிக் தொட்டி. வெளிவிளிம்பு ஓடை நீருக்குச் சற்று மேலே. படத்தில் அது தெரியாதபடி கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். தொட்டிக்குள் விரல் நீள மீன்கள் முப்பது நாற்பது இருக்கும். கலங்கல் இல்லாத ஒரு சாண் நீரில் மூலையோடு மூலையாக ஒதுங்கி நின்றன. தொட்டிக்கு நேர்மேலே ஒரு குச்சி ஊன்றப்பட்டிருந்தது. மீன்கொத்தி வந்து குச்சியில் உட்கார்ந்தது, தலையை ஆட்டி ஆழத்தை அளந்தது, பாய்ந்தது. வெளியேறும்போது நீர் விசிறிபோல் எழுந்தது. எந்தப் போட்டியிலும் நிற்கும் படம். ஒரு மணி நேரத்தில் அது பதினான்கு முறை பாய்ந்ததை எண்ணினேன். ஒரு முறைகூடக் குறி தப்பவில்லை. தப்பாத மீன்கொத்தியை நான் எந்த ஆற்றிலும் பார்த்ததில்லை.

என்னை உறுத்தியது மீன்கொத்தி அல்ல. ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பிறகும் மிஞ்சிய மீன்கள் தொட்டியின் சுவரை மூக்கால் இடித்துக்கொண்டே சுற்றின. சிறிது நேரத்தில் அடங்கி மூலைக்குத் திரும்பின. மறுபடி நிழல் விழுந்தது. போக இடமில்லை. பிற்பகலில் தொட்டியை நிரப்பியவர் வேறு மீன்களை வாளியிலிருந்து ஊற்றியபோது இரண்டு ஓடைக்குள் விழுந்தன. என்ன மீன் என்று கேட்டேன், திலேப்பியா என்றார். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளின் சொந்த மீன்களை நெருக்கிக்கொண்டிருக்கும் இனம்.

"அது எப்படியும் மீன் பிடிச்சுத் திங்கத்தானுங்க போகுது அண்ணா" என்றார் இளைஞர். நியாயமான கேள்விதான். ஓடையில் அது பிடிக்கும் மீனுக்கு ஓட வழி உண்டு, அவ்வளவுதான் வேறுபாடு. இந்த வேறுபாட்டை நம் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, கேளிக்கைக்காக மட்டும் ஓர் உயிரினத்தை அடைத்து வைத்து இன்னோர் உயிரினத்துக்கு இரையாக்குவதைக் குற்றம் என்கிறது. புலி முதலியவற்றின் சரணாலயங்களில் இரையாகக் கட்டி வைப்பதையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மனிதரைத் தவிர்த்த எந்த உயிருள்ளதும் 'விலங்கு' என்பதே அந்தச் சட்டத்தின் வரையறை. மீனும் அதற்குள் அடங்கும். நம் நாட்டுக் காடுகளில் சுற்றுலாப் பயணிகள் புலியைப் பார்க்க எருமைக் கன்றைக் கட்டி வைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அப்படி ஒரு காட்சியை எவரும் பெருமையாகச் சொல்ல மாட்டார்கள். கன்று கதறும், மீன் கதறாது என்பதைத் தவிர வேறென்ன வேறுபாடு என்று எனக்குத் தோன்றவில்லை.

"அதுக்கு என்னங்க தண்டனை?" என்று கேட்டார். முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மிகாமலும் அபராதம். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். நாங்கள் வந்த ஆட்டோவுக்கு அதைவிட அதிகம் கொடுத்திருந்தோம்.

சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய என் மைத்துனர் இதைக் கேட்டால் வியப்பார். அங்கே 2020 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றி எந்தக் காட்டுயிருக்கும், எந்த இடத்திலும், புறாவுக்குக்கூட, தீனி போடக் கூடாது. முதல் முறை 5,000 வெள்ளி வரையிலும் மறுமுறை 10,000 வெள்ளி வரையிலும் அபராதம் உண்டு. அந்தச் சட்டத்துக்கு முன்பே, மீனின் வயிற்றில் ஸ்டைரோஃபோம் அடைத்து மிதக்கவிட்டுக் கழுகை வரவழைத்த புகைப்படக்காரர் ஒருவருக்கு அங்கே அபராதம் விதிக்கப்பட்டது. மீனோடு சேர்த்துக் கழுகு அதையும் விழுங்கும் என்பதை அவர் அறியாதவரா? ஹாங்காங்கில் 2024 ஆகஸ்ட் முதல் உச்ச தண்டனை ஒரு லட்சம் ஹாங்காங் டாலரும் ஓராண்டுச் சிறையும். நகர அரசுகளுக்கு அது எளிது. அங்கே தீனி வைத்துப் பிழைக்கும் ரப்பர் விவசாயி இல்லை. அப்படியே பெயர்த்து இங்கே நட்டால் நம் ஊரில் காக்கைச் சோறும் குற்றமாகிவிடும். ஆனாலும் ஐம்பது ரூபாய்க்கும் ஐயாயிரம் வெள்ளிக்கும் இடையே நமக்கென்று ஒரு தொகையை யாராவது யோசிக்கலாம்.

மாலையில் மீன்கொத்திப் படங்களை அழிக்க உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் அழிக்கவில்லை. தொட்டியின் விளிம்பு தெரியும் ஒன்றை வைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள்

காலையில் மறைவிடத்துக்குப் போகாமல், வீட்டுக்காரரிடம் சொல்லிக் கட்டையில் புழு வைக்காமல் தண்ணீரை மட்டும் மாற்றச் சொன்னேன். இன்று நான் ஒருவனே விருந்தாளி என்பதால் அவர் மறுக்கவில்லை. வராந்தாவிலிருந்தே பார்த்தேன். மரகதப் புறா ஒன்று ஒன்பதரைக்கு வந்தது. ஆறுமணிக் குருவி ஏழு மணிக்குக் கட்டையின் மேல் ஏறி, குழிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தது. பிறகு சருகுக்குத் திரும்பியது. எத்தனை நாளில் அந்தக் கட்டையை மறக்கும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஏப்ரலில் வடக்கே போகும்வரை மறக்காது, அடுத்த அக்டோபரில் வந்ததும் முதலில் இங்கேதான் வரும் என்றார்.

ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒழுங்குபடுத்தும் வேலையை அரசு மட்டும் செய்ய வேண்டியதில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் உலகப் போட்டியின் விதிகள் உயிருள்ள இரை வைத்து எடுத்த படங்களை ஏற்பதில்லை. அமெரிக்காவின் ஆடுபான் அமைப்பு தன் புகைப்பட நெறிகளில் ஆந்தைகளையும் பருந்துகளையும் உயிருள்ள இரை காட்டி அழைக்கக் கூடாது என்கிறது; கனடாவிலும் அமெரிக்காவிலும் கடையில் வாங்கிய எலியைப் பனியில் வீசி, கேமராவை நோக்கிப் பனி ஆந்தையைப் பறக்கவைக்கும் பழக்கம் பரவியதால் வந்த கவலை அது. நம் ஊர் மன்றங்களின் போட்டிப் படிவங்களில் கேமராவின் பெயர், லென்ஸ், ஷட்டர் வேகம் எல்லாம் கேட்கிறார்கள். இரை வைத்தீர்களா என்று ஒரு கட்டம் இல்லை. அதைச் சேர்க்க அச்சுச் செலவுகூட ஆகாது.

பாலக்காடு தாண்டியதும் இரண்டாம் நாள் படங்களை வரிசையாகப் பார்த்தேன். ஒன்பது நிமிடத்தில் 311 படங்கள். எல்லாவற்றிலும் பறவையின் கண் இடது கீழ் மூலையில் ஒரே இடத்தில் பதிந்திருக்கிறது. எட்டு ஆண்டுகளுக்கு முந்தைய என் பரிசுப் படத்தைக் கைப்பேசியில் திறந்து பக்கத்தில் வைத்தேன். அதிலும் அப்படித்தான்.

மன்றச் செயலாளருக்குச் செய்தி அனுப்பினேன். சுவரில் உள்ள படத்தின் கீழ்வரியை 'மறைவிடத்திலிருந்து, உயிருள்ள புழு வைத்து எடுத்தது' என்று மாற்ற வேண்டும் என்று கேட்டிருந்தேன். வாளையாறு வரும்போது பதில் வந்தது: "மாற்றிவிடலாம் சார். ஆனால் அப்படி எழுதினால் மற்ற படங்களுக்கும் கேட்பார்களே?"